பின்னால் உட்கார்ந்து பல் தேய்த்துவிடுங்கள்

"வாயையே திறக்க மாட்டேங்கிறான் டாக்டர், பிரஷ்ஷைக் கடிச்சுக்கிறான்." பெருமூளை வாதம் (மூளை பாதிப்பால் தசைகள் கட்டுப்பாட்டில் இல்லாத நிலை) உள்ள பிள்ளைகளின் அம்மாக்கள் பலர் சொல்வது இது. அது பிடிவாதம் அல்ல. பல்லிலோ ஈறிலோ ஏதாவது பட்டதும் தாடை தானாக இறுகிக்கொள்கிறது. பிரஷ்ஷைப் பிடுங்கினால் இன்னும் இறுகும். ஆட்டாமல் அப்படியே பிடித்திருங்கள், சற்று நேரத்தில் தளரும்.

எதிரில் நின்று தேய்க்கும்போது பிள்ளையின் தலை பின்னால் போகிறது; நுரையும் எச்சிலும் மூச்சுக்குழாயில் இறங்கிப் புரையேறும். அதனால் பின்னால் உட்காருங்கள். பிள்ளையின் தலை உங்கள் மார்பில் சாயட்டும், முகவாய் லேசாகக் கீழ்நோக்கி இருக்கட்டும். இடது கையால் தாடையைத் தாங்கி, அதே கையின் ஆள்காட்டி விரலால் கன்னத்தை விலக்குங்கள். விரல் கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையில்தான் போக வேண்டும். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே ஒருபோதும் வைக்காதீர்கள், கடி ஆழமாகப் பட்டுவிடும்.

கடைவாய்ப் பல்லின் வெளிப்பக்கத்தில் ஆரம்பியுங்கள். நாக்கு சரியாகச் சுழலாததால் சாதமும் இட்லியும் அந்தக் கன்னக் குழியில் மணிக்கணக்கில் தங்கும். சாப்பிட்டு முடித்ததும் ஈரமான காஸ் துணியை விரலில் சுற்றி அங்கே ஒருமுறை வழித்தெடுத்தால் சொத்தை வரும் வாய்ப்பு குறையும்.

துப்பத் தெரியாத பிள்ளைக்கு 1000 பிபிஎம் ஃபுளோரைடு பேஸ்ட் அரிசி அளவு போதும். தேய்த்தபின் தண்ணீர் ஊற்ற வேண்டாம், நுரையைத் துணியால் ஒற்றி எடுங்கள். ஈறில் ரத்தம் வந்தால் பலர் பிரஷ்ஷை நிறுத்திவிடுகிறார்கள். அழுக்கு தங்கி ஈறு வீங்கியதால்தான் பெரும்பாலும் ரத்தம் வருகிறது. மென்மையான பிரஷ்ஷால் தொடருங்கள். இரண்டு வாரம் கழித்தும் நிற்காவிட்டால் பல் மருத்துவரைப் பாருங்கள்.

வலிப்பு மருந்துகளில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். இனிப்பு சிரப்பை இரவு பல் தேய்ப்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். தூக்கத்தில் எச்சில் சுரப்பு குறைவதால் பல்லில் ஒட்டிய சர்க்கரை விடியும்வரை அங்கேயே இருக்கும். ஃபெனிடோயின் சாப்பிடும் பிள்ளைக்கு முன்பற்களின் இடையில் ஈறு மொட்டுப்போலத் தடிக்கலாம். அதைப் பார்த்து மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பல் சுத்தமாக இருந்தால் அந்த வளர்ச்சியும் மட்டுப்படும்.

மூக்குக் குழாயிலோ வயிற்றுக் குழாயிலோ உணவு போகும் பிள்ளைக்குப் பல் தேய்க்கத் தேவையில்லை என்ற எண்ணம் பல வீடுகளில் இருக்கிறது. உண்மையில் அவர்களுக்குத்தான் பல்லில் காரை (கெட்டியாக இறுகிய அழுக்கு) சீக்கிரம் படியும், அதிலுள்ள கிருமி எச்சிலோடு நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரலாம். தினம் இரண்டு வேளை, பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, நனைத்துப் பிழிந்த சிறிய பிரஷ்ஷில் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவித் தேய்த்துவிடுங்கள்.