மூன்று நாள் கழித்து வாய் திறக்கும் பாட்டில்

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் ஃப்ரிட்ஜ் போல ஒரு பெட்டி இருக்கும். உள்ளே எந்நேரமும் 27 டிகிரி. கதவைத் திறந்தால் வரிசையாகக் கழிவுநீர் மாதிரி அடைத்த கண்ணாடி பாட்டில்கள், ஒவ்வொன்றும் 300 மி.லி. மூடியைச் சுற்றிக் காற்று நுழையாதபடி விளிம்பில் கொஞ்சம் தண்ணீர் விட்டிருப்பார்கள். உள்ளே விளக்கு கிடையாது. வெளிச்சம் பட்டால் பாசி ஆக்சிஜனைத் தயாரித்துக் கணக்கைக் கெடுத்துவிடும். மூன்று நாள் அந்த பாட்டில்களை யாரும் தொடமாட்டார்கள்.

நான்காம் நாள் ஒவ்வொன்றாக வெளியே வரும். மாங்கனீசு சல்பேட், அப்புறம் காரம் கலந்த அயோடைடு விட்டால் பாட்டிலுக்குள் பழுப்பாக வண்டல் இறங்கும். ஆக்சிஜன் மிச்சமிருந்தால்தான் பழுப்பு. இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். கந்தக அமிலம் விட்டதும் வண்டல் கரைந்து தேன் நிறமாகும். பியூரெட்டிலிருந்து தயோசல்பேட் சொட்டு சொட்டாக விழ, நிறம் வெளுக்கும். ஸ்டார்ச் சேர்த்தால் நீலம். அந்த நீலம் சட்டென்று மறையும் சொட்டில் கையை நிறுத்தி, எவ்வளவு தயோசல்பேட் இறங்கியது என்று படித்தால் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் தெரியும். ஹங்கேரிய வேதியியலாளர் விங்க்ளர் 1888-ல் சொன்ன முறை இது, அடிப்படை இன்றும் மாறவில்லை.

மூன்று நாளில் எவ்வளவு ஆக்சிஜன் குறைந்தது என்பதிலிருந்து கிடைக்கும் எண்ணுக்கு உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்று பெயர். பிளான்ட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, பி.ஓ.டி. என்பார்கள். ஆற்றைச் சுத்தப்படுத்தும் எந்த அரசுத் திட்டத்தின் கோப்பைப் புரட்டினாலும் முதல் பக்கத்தில் இந்த எண்தான் உட்கார்ந்திருக்கும்.

அது அளப்பது அழுக்கை அல்ல, பாக்டீரியாவின் பசியை. சாக்கடையில் இருப்பது பெரும்பாலும் அவற்றுக்குச் சாப்பாடு: சோற்றுக்கஞ்சி, எண்ணெய், மலம், சோப்பு. தின்னும்போது அவை மூச்சு விடும், தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்து நிற்கக்கூடிய ஆக்சிஜனே ஏறக்குறைய 8 மி.கி.தான். ஆற்றில் அது 4-க்குக் கீழே போனால் மீன்களின் பாடு திண்டாட்டம். வீட்டுக் கழிவுநீரிலுள்ள பாக்டீரியாவோ லிட்டருக்கு 200 முதல் 300 மி.கி. வரை கேட்கும். அதனால் அப்படியே பாட்டிலில் ஊற்றினால் ஒரு நாளிலேயே ஆக்சிஜன் காலியாகிவிடும், அளக்க ஒன்றும் மிஞ்சாது. 3 மி.லி. கழிவுநீரை எடுத்து, காற்றூட்டிய சுத்த நீரால் பாட்டிலை நிரப்புவார்கள். முதல் நாள் 7.8 இருந்த ஆக்சிஜன் கடைசியில் 5.3 ஆகியிருந்தால் குறைந்தது 2.5. நூறு மடங்கு நீர்த்திருப்பதால் பி.ஓ.டி. 250.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2022-ல் வெளியிட்ட பட்டியலில், ஆவடிக்கும் சத்யா நகருக்கும் இடையே கூவத்தின் எண் 345. அதாவது அங்கே ஓடியது சாக்கடை கலந்த ஆறுகூட இல்லை. குழாயில் வரும் சாக்கடையைவிட கெட்டியான ஒன்று.

சரி, ஏன் மூன்று நாள்? பிரிட்டனில் அமைந்த கழிவுநீர் ராயல் கமிஷன் 1912-ல் ஐந்து நாள் என்று வைத்தது. அந்நாட்டில் எந்த ஆறும் கடலை அடைய ஐந்து நாளுக்கு மேல் எடுக்காது, அதனால்தான் அந்தக் கணக்கு என்று ஒரு கதை சொல்வார்கள். பின்னாளில் 20 டிகிரியில் ஐந்து நாள் என்பது உலக வழக்கமானது. நம் ஊரில் 20 டிகிரியில் எந்தச் சாக்கடையும் ஓடுவதில்லையே! வெப்பம் கூடினால் பாக்டீரியா வேகமாகத் தின்னும். அதனால் இந்தியத் தர நிர்ணயத்தில் 27 டிகிரியில் மூன்று நாள். இரண்டிலும் விடை கிட்டத்தட்ட ஒன்றாக வரும்.

சிக்கல் இங்கேதான். திங்கட்கிழமை எடுத்த மாதிரிக்கு வியாழக்கிழமைதான் விடை தெரியும். அதற்குள் அந்தத் தண்ணீர் ஆற்றைக் கடந்து வங்காள விரிகுடாவுக்கே போயிருக்கும். முந்தாநாள் எவ்வளவு வேகத்தில் போனோம் என்று இன்றைக்குக் காட்டும் ஸ்பீடாமீட்டரை வைத்துக்கொண்டு யாரால் வண்டி ஓட்ட முடியும்?

ஓட்டுபவர்கள் அதை நம்பி ஓட்டுவதில்லை. சுத்திகரிப்பு நிலையம் என்பது ஒருவகையில் பாக்டீரியாப் பண்ணை. பெரிய தொட்டியில் கழிவுநீரோடு அவற்றை விட்டு, அடியிலிருந்து காற்றை ஊதுவார்கள். தின்று கொழுத்தவை பழுப்புத் திப்பிகளாகத் திரண்டு, அடுத்த தொட்டியில் அடியில் படியும். அதில் ஒரு பங்கைத் திரும்ப முதல் தொட்டிக்கே அனுப்புவார்கள், தயிருக்கு உறை ஊற்றுவது போல. 1914-ல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் காட்டிய வழி இது. ஆபரேட்டர் ஒரு லிட்டர் உருளையில் தொட்டிக் கலங்கலை மொண்டு அரை மணி நேரம் வைத்துப் பார்ப்பார். ஸ்லட்ஜ், அதாவது அந்தப் பழுப்புத் திப்பி, கீழே இறங்கி மேலே தெளிந்தால் நிம்மதி. பஞ்சு போல உப்பிப் பாதிக்கு மேலேயே நின்றால், நூல் போன்ற பாக்டீரியாக்கள் பெருகியிருக்கின்றன என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம். ஸ்லட்ஜ் சுத்தநீரோடு சேர்ந்து வழிந்து போகும். அப்புறம் மூக்கு. நல்ல தொட்டியில் ஈரமண் வாசம் வரும், அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போதவில்லை.

அவசரத்துக்கு சி.ஓ.டி. (வேதி ஆக்சிஜன் தேவை) என்று இன்னொரு சோதனை உண்டு. டைக்ரோமேட் போட்டு 150 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட்டால் விடை வந்துவிடும். ஆனால் பாக்டீரியா தொடாததையும் அது சேர்த்து எண்ணும். வீட்டுக் கழிவுநீரில் சி.ஓ.டி., பி.ஓ.டி.யைப் போல சுமார் இரண்டு மடங்கு இருக்கும். ஒரு நாள் திடீரென்று அது நான்கு மடங்கானால், எங்கோ ஒரு லாரி தொழிற்சாலைக் கழிவைச் சாக்கடையில் இறக்கியிருக்கலாம் என்று தேடக் கிளம்ப வேண்டியதுதான்.

இதெல்லாம் பிளான்ட் வாசலுக்குள் நடப்பது. திட்டத்தை நடத்தும் அதிகாரியின் மேசையில் வேறொரு தவறு காத்திருக்கிறது, என் கணிப்பில் இதுதான் பெரியது. பி.ஓ.டி. என்பது லிட்டருக்கு இவ்வளவு என்னும் கணக்கு. ஆற்றுக்கு லிட்டர் கணக்கு தெரியாது, மொத்தச் சுமைதான் தெரியும். பத்து லட்சம் லிட்டரில் லிட்டருக்கு 1 மி.கி. என்றால் மொத்தம் 1 கிலோ. பேச்சுக்கு, ஒரு நிலையம் நாளொன்றுக்கு 6 கோடி லிட்டரைச் சுத்திகரித்து 20 மி.கி. அளவில் வெளியே விடுகிறது: 1,200 கிலோ. பெரும் செலவில் அதை 10 ஆகக் குறைத்தால் மிச்சம் 600 கிலோ. அதே ஆற்றங்கரையில் மழைநீர் வடிகாலுக்குள் திருட்டு இணைப்பு கொடுத்து 60 லட்சம் லிட்டர் மட்டும் நேராக இறங்குகிறது என்று வையுங்கள். 250 மி.கி. வீதம் அது 1,500 கிலோ! பத்தில் ஒரு பங்கு தண்ணீர், ஆனால் பெரிய நிலையத்தைவிட அதிகச் சுமை. புது பிளான்ட் திறந்தால் ரிப்பன் வெட்டலாம், வடிகால் வாயை அடைத்தால் கல்வெட்டு வைக்கமாட்டார்கள். சென்னையில் கூவத்திலும் அடையாற்றிலும் இறங்கும் வடிகால் வாய்களை மறித்துக் கழிவுநீரைத் திருப்பும் வேலை அலுப்பூட்டும் வேலைதான். கணக்குப்படி லாபம் அங்கேதான்.

மாதிரி எடுக்கும் நேரமும் முக்கியம். காலை குளியல், சமையல், துணி எல்லாம் முடிந்து வரும் சாக்கடை கெட்டி. பின்னிரவில் வருவது நீர்த்தது. ஒரே ஒரு முறை மொண்டு வந்து சோதித்தால் எந்த விடை வேண்டுமோ அது கிடைக்கும். மணிக்கு ஒரு முறை, அந்நேர ஓட்டத்துக்குத் தக்க அளவில் எடுத்து, 24 மணி நேரத்தையும் ஒன்றாகக் கலந்து சோதிப்பதே நேர்மையான வழி.

பாக்டீரியாவுக்குப் பசிக்காத விஷயங்களில் இந்த பாட்டில் குருடு. திருப்பூர்ச் சாயக் கழிவின் உப்பை எந்த பாக்டீரியாவும் தின்னாது, எனவே பி.ஓ.டி.யில் அது தெரியவே தெரியாது. நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் பாழாக்கியவற்றில் அந்த உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன அளவுக்குப் போனது.

நவம்பரில் இன்னொரு வேடிக்கை நடக்கும். வடகிழக்குப் பருவமழை கொட்டியதும் கூவத்தின் பி.ஓ.டி. சரசரவென்று இறங்கும். ஆய்வுக் கூட்டத்தில் வரைபடத்தைக் காட்டினால் பார்க்க அழகாக இருக்கும். ஊரில் ஒரு வீடாவது சாக்கடையைக் குறைத்திருக்காது. மழைநீர் கலந்து நீர்த்திருக்கிறது, அவ்வளவே. கூடவே அடியில் மாதக்கணக்கில் படிந்த கருஞ்சேறும் கிளம்பி நேப்பியர் பாலத்தைத் தாண்டிப் போயிருக்கும். அந்த அறையில் விவரம் தெரிந்த ஒருவர் இருந்தால் வரைபடத்தைப் பார்க்காமலே கேட்பார்: “அன்றைக்கு ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடியது?”