ஹரிகேன்: சொல் வந்த வழியும் தமிழ்ச் சொல்லும்

மின்சாரம் வராத காலத்தில் நம் வீடுகளில் எரிந்தது அரிக்கேன் விளக்கு. கண்ணாடிக் கூண்டு சுடரைக் காப்பதால், பலத்த காற்றிலும் அணையாது என்று, புயலைக் குறிக்கும் ‘ஹரிகேன்’ என்ற சொல்லால் ஆங்கிலத்தில் அப்படிப் பெயர் வைத்தார்கள். ஆனால் சொல் ஆங்கிலத்துக்குச் சொந்தமில்லை. கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களின் சொல் அது.

தைனோ மொழியில் ‘ஹுராகான்’ என்றால் பெருங்காற்றும் பெருமழையும் ஒன்றாக வரும் புயல். கொலம்பஸ் முதல்முறை அங்கே போய்ச் சேர்ந்தது 1492 அக்டோபரில். புயல் பருவம்தான், ஆனாலும் தப்பிவிட்டார். 1495இல் தப்ப முடியவில்லை. ஹிஸ்பானியோலா தீவின் வடகரையில் அவர் அமைத்த லா இசபெலா குடியேற்றத்தில் நங்கூரமிட்டிருந்த கப்பல்கள் புயலில் உடைந்தன. நீன்யா கப்பல் தேறியது. உடைந்த கப்பல்களின் மரத்தை வைத்து அங்கேயே புதிதாக ஒன்றைக் கட்டினார்கள், அதன் செல்லப்பெயர் ‘இந்தியா’! கிரேக்கர் ‘டைஃபோன்’ என்று சொல்லும் காற்றை இத்தீவினர் ‘ஃபுராகான்’ என்கிறார்கள் என்று ஸ்பெயின் அரசவையில் இருந்த இத்தாலிய வரலாற்றாசிரியர் பீட்டர் மார்ட்டிர் இந்தப் புயலைப் பற்றி லத்தீனில் எழுதி வைத்தார்.

ஏழு ஆண்டுகளில் கொலம்பஸ் பாடம் படித்துவிட்டார். 1502 ஜூன் கடைசியில் நான்கு கப்பல்களுடன் அதே தீவின் தென்கரையில் உள்ள சாந்தோ தோமிங்கோவை நெருங்கியபோது, கடலின் போக்கையும் வானத்தையும் பார்த்துப் புயல் வருகிறது என்று கணித்தார். துறைமுகத்தில் ஒதுங்க இடம் கேட்டார். ஸ்பெயினுக்குப் புறப்படவிருந்த கப்பல் கூட்டத்தை நிறுத்தி வைக்கவும் சொன்னார். ஆளுநர் ஒவாந்தோ இரண்டுக்கும் செவிசாய்க்கவில்லை. புறப்பட்ட சுமார் 30 கப்பல்களில் ஏறத்தாழ 20 மூழ்கிப் போயின. முன்பு கொலம்பஸைச் சங்கிலியில் பூட்டி அனுப்பிய முந்தைய ஆளுநர் பொபாதிய்யாவும் அதில் இறந்தார். கொலம்பஸின் நான்கு கப்பல்களும் பிழைத்தன. அந்த வானக்குறிகளைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தவர்கள் தைனோ மக்கள். நோயாலும் அடிமை உழைப்பாலும் சில பத்தாண்டுகளிலேயே அவர்களுடைய சமூகம் சிதைக்கப்பட்டது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. அவர்களுடைய சொல் ஸ்பானிஷில் ‘உராகான்’, போர்ச்சுகீசியத்தில் ‘ஃபுராகாவ்’, பிரெஞ்சில் ‘உராகான்’, ஜெர்மனில் ‘ஓர்கான்’ என்று பரவியது.

மத்திய அமெரிக்க நிலப்பகுதியில் வாழும் மாயா மக்களின் ‘ஹுராகான்’ தெய்வத்தின் பெயரிலிருந்து இந்தச் சொல் வந்தது என்றும் ஒரு விளக்கம் உலவுகிறது. கீச்சே மாயா மொழியில் அந்தப் பெயருக்கு ‘ஒற்றைக் கால்’ என்று பொருள். ஸ்பானியர் சொல்லைக் கேட்டது தீவுகளில்தான் என்பதால், தைனோ மூலமே எனக்கு நம்பத்தக்கதாகத் தெரிகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? சூறாவளி என்று பலர் எழுதுகிறார்கள். இலங்கையில் புயலுக்கு அதுவே வழக்குச் சொல். 1978இல் மட்டக்களப்பைத் தாக்கியதை அங்கே சூறாவளி என்றே சொல்வார்கள். தமிழ்நாட்டுச் செய்திகளிலோ, நிலத்தில் தும்பிக்கை போல இறங்கும் டொர்னாடோவுக்கும் இதே சொல்லைப் போடுவதால் குழப்பம் வருகிறது. ஆகவே என் தேர்வு புயல். இதுவும் பொருள் மாறி வந்த சொல்தான். “ஏரின் உழாஅர் உழவர் புயலென்னும் வாரி வளங்குன்றிக் கால்” என்ற குறளில் புயல் என்பது மழை. அப்புறம்தான் காற்றின் சீற்றம் அதில் ஏறியது.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. அட்லாண்டிக்கில் காற்றின் வேகம் மணிக்கு 119 கிலோமீட்டரை எட்டினால்தான் ஹரிகேன். வங்கக் கடலில் ஏறக்குறைய அதே வேகத்தில் நம் வானிலை அறிக்கைகள் ‘அதிதீவிரப் புயல்’ என்கின்றன. அளவு பொருந்துகிறது, சொல்லும் மக்களுக்குப் பழகியது. ‘ஹரிகேன் புயல்’ என்பது ஒன்றையே இரண்டு மொழியில் சொல்வது. 2005இல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்ததைக் கத்ரீனா புயல் என்றே எழுதலாம்.