கத்தி உறைக்குத் துண்டு மரம் எடுக்கும் முன்

எங்கள் பட்டறை மூலையில் ஒரு சாக்கு எப்போதும் இருக்கும். கதவு செய்ததில் மிஞ்சிய தேக்கு, உடைந்த கட்டிலின் சட்டம், பூவரசுத் துண்டு என்று ஒரு முழத்துக்குக் குறைந்ததெல்லாம் அதற்குள் போய்விடும். சமையல் கத்திக்கு உறை செய்ய அந்தத் துண்டுகளே போதும். கரண்டிகளோடு வெறும் கத்தி கிடக்கும் இழுப்பறையைப் பார்த்தாலே எனக்கு மனசு பதறும். அதனால் யார் கேட்டாலும் உறை செய்யச் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் அவர்கள் கொண்டுவரும் மரத்தைத்தான் முதலில் வாங்கிப் பார்ப்பேன்.

இப்போது பலரும் கொண்டுவருவது பேலட் பலகை, அதாவது சரக்கை அடுக்கி ஏற்றும் மரத்தட்டின் பலகை. வெளிநாட்டுச் சரக்கோடு வந்தது என்றால் அதில் கோதுமைக் கதிர் போட்ட முத்திரை இருக்கும். பக்கத்தில் எச்.டி. என்ற எழுத்துகள் இருந்தால், பூச்சியைக் கொல்ல மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூடு 30 நிமிடம் ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டியது. காய் நறுக்கும் கத்திக்கு அந்த மரம் வேண்டாம். எச்.டி. முத்திரை இருந்தாலும் முகர்ந்து பாருங்கள். அதன் மேல் என்ன சரக்கு இருந்தது, என்ன கொட்டியது என்பதை முத்திரை சொல்லாது. எண்ணெய்க் கறையோ மருந்து வாடையோ இருந்தால் அது விறகுக்கும் ஆகாது.

அதைவிட எனக்குப் பயம் பெயின்ட் அடித்த பழைய ஜன்னல் கதவுகள்மேல். நம் நாட்டில் வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் அளவை (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "மேலே இழைத்துவிட்டால் நல்ல மரம்தானே" என்று கேட்பார்கள். இழைக்கும்போதும் உப்புத்தாள் போடும்போதும்தான் அந்த ஈயம் தூளாகி வீடு முழுக்கப் பரவுகிறது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அதைத் தொடவே தொடாதீர்கள்.

சுத்தமான மரத்தூளும் லேசுப்பட்டதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்துவிட்டது. அது முக்கியமாக மூக்கின் உட்பகுதியைத் தாக்குகிறது. கைக்குட்டை கட்டினால் போதாது, நல்ல மாஸ்க் வேண்டும். பழைய மரத்தில் உடைந்த ஆணி புதைந்திருக்கும், ரம்பம் வைக்கும் முன் காந்தத்தை ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

சரி, மரம் தேறிவிட்டது. முடிச்சு இல்லாத, நன்றாகக் காய்ந்த பூவரசோ மாமரமோ போதும். தேக்கு என்றால் ஒட்டும் முகத்தைத் தின்னரால் துடைக்க வேண்டும், அதன் எண்ணெய்ப்பசை கோந்தைப் பிடிக்க விடாது. துவர்ப்பு மிகுந்த கருவேலத்தை இரும்புக் கத்திக்கு வைக்காதீர்கள், ஈரம் பட்டால் அலகு கறுத்துப்போகும்.

எளிய வழி மூன்று அடுக்கு. இரண்டு பக்கமும் மெல்லிய பலகை, நடுவில் கத்தி முதுகின் கனத்தைவிட மயிரிழை கூடுதலான சட்டம். கத்தியை வைத்துக் கோடு போட்டு, அலகு உட்காரும் இடத்தை நடுச்சட்டத்தில் வெட்டி எடுங்கள். முதுகுதான் மரத்தில் உட்கார வேண்டும், கூர்ப்பக்கத்துக்குக் கீழே 3 மில்லிமீட்டராவது இடைவெளி இருக்கட்டும். கோந்தை மெல்லிசாகத் தடவி, கிளாம்ப் போட்டு, ஒரு நாள் விடுங்கள்.

கூர்ப்பக்கத்தில் நடுச்சட்டத்தின் அகலம் 8 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. தொழில் கற்ற புதிதில் நான் 3 மில்லிமீட்டர்தான் விட்டேன். ஒருநாள் உறையை உள்ளங்கையில் சுற்றிப் பிடித்துக் கத்தியை உருவினேன். கோந்து விட்டிருந்தது. ஒட்டின வாய் வழியாகக் கத்தி வெளியே வந்து இடது கையில் இரண்டு விரலை அறுத்துவிட்டது, நாலு தையல். அதிலிருந்து உறை வாங்கிப் போகிறவர் ஒவ்வொருவரையும் என் முன்னால் உருவிக் காட்டச் சொல்கிறேன். உறையின் இரண்டு தட்டையான பக்கங்களை மட்டும் பிடிக்க வேண்டும், கூர்ப்பக்கத்தில் ஒரு விரலும் போகக்கூடாது.

உட்புறத்தில் வார்னிஷும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். உறையின் நுனியில் ஒரு சின்னத் துளை இருந்தால் காற்றாடும். ஜப்பானில் வாள் உறைகளைச் சோற்றுப் பசையால்தான் ஒட்டுவார்கள். உள்ளே அழுக்கோ துருவோ சேர்ந்தால் மரம் உடையாமல் பிளந்து, சுத்தம் செய்து, திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். நம் கோந்தில் அந்த வசதி இல்லை. அதனால் கத்தியைக் கழுவித் துடைத்து, பத்து நிமிடம் காற்றில் வைத்த அப்புறம் உறையில் போடுங்கள்.