கரையேறியும் அடங்காத புயல்

காரைக்குடியிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் கடல் சுமார் 45 கிலோமீட்டர். மணிக்கு 15 கிலோமீட்டர் நகரும் புயலுக்கு அது மூன்று மணி நேர வழிதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, புதுக்கோட்டை மாவட்டத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டு, தமிழகத்தைக் குறுக்கே கடந்து அரபிக்கடலில் போய் இறங்கியது. கஜாவைப் புவி வெப்பமாதலின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஒற்றைப் புயலை வைத்து அப்படிச் சொல்வது அவசரம். ஆனால் கடல் சூடேறச் சூடேற, உள்நாட்டுக்கு வரும் புயல் எப்படி மாறும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

புயலுக்கு விறகு நீராவி. கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 26.5 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் அடுப்பு பற்றும். ஒரு கிலோ நீராவி மேலேறிக் குளிர்ந்து துளியாகும்போது சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பத்தை விடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கத் தேவைப்படும் வெப்பத்தைப்போல் இது எட்டு மடங்கு. 28 டிகிரி காற்றில் கன மீட்டருக்கு அதிகபட்சம் 27 கிராம் ஈரம் நிற்கும்; 29 டிகிரியில் கிட்டத்தட்ட 29 கிராம். ஒரு டிகிரிக்கு 6, 7 சதவீதம் விறகு கூடுகிறது.

மேற்பரப்புச் சூட்டை மட்டும் பார்த்தால் போதாது. புயல் கடலைக் கடைந்து அடியிலுள்ள குளிர்நீரை மேலே இழுக்கும். அதுவே அதற்குத் தடை. வெந்நீர் ஆழமாக இருந்தால் கடைந்தாலும் மேலே வருவது வெந்நீர்தான். வங்கக் கடலில் இன்னொரு சிக்கல்: கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டும் நன்னீர், உப்புநீரைவிட லேசானது என்பதால், மேலே மூடி போட்டதுபோல் மிதக்கிறது. அடிநீர் எளிதில் கலப்பதில்லை.

உலகம் 2 டிகிரி சூடானால் புயல்களின் எண்ணிக்கை கூடும் என்று சொல்வதற்கில்லை, குறையவும் கூடும். ஆனால் வருகிற புயல்களின் உச்சக் காற்று சராசரியாக 5 சதவீதமும் மழை 14 சதவீதமும் கூடும் என்கின்றன கணிப்புகள். ஐந்து சதவீதம்தானே? காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியாக ஏறும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் 47 கிலோ எடையளவு அழுத்தும். 105 ஆனால் 52. காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளின் சாய்ந்த கூரைமேல் பாயும் காற்று ஓடுகளை அழுத்துவதைவிட மேலே உறிஞ்சுவதே அதிகம், அதுவும் இறவாரத்திலும் முகட்டிலும். நாட்டு ஓடுகளைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் அவற்றின் எடையே. ஓர ஓடு ஒன்று கிளம்பினால் அந்தச் சந்தில் காற்று புகுந்து அடுத்த வரிசையைக் கிளப்பும்.

கரையேறியதும் விறகு நிற்கிறது, புயல் தளர வேண்டும். அட்லாண்டிக் பதிவுகளை ஆராய்ந்த லின் லி, பினாகி சக்கரவர்த்தி இருவரும் 2020ல் வெளியிட்ட முடிவு இதில் முக்கியம்: 1960களின் இறுதியில் கரையேறிய முதல் நாளில் வலுவில் நான்கில் மூன்று பங்கு போனது, இப்போது பாதிதான் போகிறது. கடலில் ஏற்றிக்கொண்ட ஈரம் கூடவே வந்து எரிகிறது. அது அட்லாண்டிக்கின் கணக்கு, நம் கடலுக்கு அப்படியே பொருந்தும் என்றில்லை. அந்தத் தளர்ச்சி வேகங்களை வைத்துப் பார்த்தால், மூன்று மணி நேரத்தில் பழைய புயலுக்கு 84 சதவீதம் வலு மிச்சம், இன்றைய புயலுக்கு 92. ஆறு மணி நேரத்தில் 71க்கு 84.

காற்று தளர்ந்தாலும் மழை உடனே தளர்ந்துவிடாது. அந்த வீட்டின் வளவை, அதாவது நடு முற்றத்தை, நோக்கிச் சரியும் கூரை 300 சதுர மீட்டர் என்று வைப்போம். மணிக்கு 50 மில்லிமீட்டர் மழையில் அங்கே இறங்குவது 15,000 லிட்டர், நொடிக்கு நாலு லிட்டருக்கு மேல். 14 சதவீதம் கூட்டினால் 17,100. சலதாரையில் சருகு அடைத்தால், முற்றத்தில் பதித்த கல்லைத் தாண்டி, ஆத்தங்குடிக் கல் பாவிய தரைவரை தண்ணீர் ஏற வெகுநேரம் ஆகாது. அடைப்பு எடுக்க ஐப்பசிக்கு முன் ஒரு மதியம் வேண்டும். வெளியே ஊரணியின் வரத்துக்காலும் தூர்ந்திருந்தால், அந்தத் தண்ணீர் தெருவிலேயே நிற்கும்.