அழற்சிக் குறிப்பான்

கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் லேப் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “சி.ஆர்.பி. கூடுதலா இருக்காம், ரத்தத்துல வீக்கமாம்” என்பார்கள். ரத்தம் எங்கே வீங்கும்? சி.ஆர்.பி. என்பது ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம்; காயத்துக்கோ கிருமிக்கோ உடம்பு காட்டும் எதிர்ப்பான ‘இன்ஃப்ளமேஷன்’ இருந்தால் அது கூடும். அந்த ‘இன்ஃப்ளமேஷன்’ என்பதை வீக்கம் என்று சொல்லிப் பழகியதால் வந்த வினை. வீக்கம் அதன் அடையாளங்களில் ஒன்று, அவ்வளவுதான். சிவப்பு, சூடு, வலி ஆகியவற்றையும் சேர்த்து நான்காக முதல் நூற்றாண்டிலேயே ரோமானியரான செல்சஸ் எழுதிவைத்திருக்கிறார்.

சரியான சொல் அழற்சி. சுழல் சுழற்சி ஆவதுபோல அழல் அழற்சி ஆகிறது. அழல் என்றால் நெருப்பு. லத்தீன் மூலத்துக்கும் தீ மூட்டுதல் என்றே பொருள். சித்த மருத்துவத்தில் அழல் என்பது பித்தம். அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அழற்சி இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் சி.ஆர்.பி. போன்றவற்றை ‘மார்க்கர்’ என்பார்கள்; அதற்குக் குறிப்பான் போதும்.

குறட்டைக்காரர்களுக்கும் இந்தச் சொல் தேவைப்படுகிறது. அவர்களில் சிலருக்குத் தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வரும்; அந்த நோய்க்கு ஆங்கிலத்தில் ‘அப்ஸ்ட்ரக்டிவ் ஸ்லீப் ஆப்னியா’ என்று பெயர். ‘ஆப்னியா’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு மூச்சு இல்லாமை என்று பொருள். பலரும் மூச்சுத்திணறல் என்று எழுதுகிறார்கள். திணறல் ஆஸ்துமாவிலும் உண்டு. இங்கே மூச்சே நின்றுபோகிறது. ஆகவே தடைசார் உறக்க மூச்சின்மை என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. மதியச் சாப்பாடு முடிந்து திண்ணையில் சாய்ந்த பெரியவரைப் பாருங்கள். குறட்டை சட்டென்று நிற்கும், வயிறு மட்டும் ஏறி இறங்கும். பத்துப் பதினைந்து விநாடி கழித்து, தூக்கிவாரிப் போட்டதுபோல மூச்சை இழுப்பார். “அசதி, நல்லா தூங்குறாங்க” என்பார்கள் வீட்டில்.

தொண்டை அடைபடும்போதெல்லாம் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கி, மறுபடி ஏறுகிறது. இரவெல்லாம் இப்படி நடந்தால் உடம்பில் அழற்சி கிளம்பும். இன்டர்லூகின்-6, டி.என்.எஃப்.-ஆல்ஃபா போன்ற, அழற்சியைத் தூண்டும் புரதங்கள் கூடும்; இன்டர்லூகின்-6 கல்லீரலைத் தூண்ட, அது சி.ஆர்.பி.யைச் சுரக்கும். அந்தப் பெயரில் உள்ள ‘சி’, நிமோனியாக் கிருமியின் சி-பாலிசாக்கரைடு என்ற சர்க்கரைப் பொருள். அதோடு வினைபுரியும் இந்தப் புரதத்தை 1930-இல் டில்லெட்டும் பிரான்சிஸும் கண்டார்கள். தமிழில் சி-எதிர்வினைப் புரதம்.

ரிப்போர்ட்டில் சி.ஆர்.பி. அளவைப் பார்க்கும்போது அலகையும் பாருங்கள். லிட்டருக்கு 6 மில்லிகிராமும் டெசிலிட்டருக்கு 0.6 மில்லிகிராமும் ஒன்றுதான். சளிக்காய்ச்சல், ஈறு நோய், உடற்பருமன் என எதிலும் சி.ஆர்.பி. ஏறும், குறட்டைக்காரர் பலருக்குப் பருமனும் இருப்பதால் எதனால் ஏறியது என்று பிரிப்பது கஷ்டம். மூச்சின்மையைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை உதவாது, தூக்கப் பரிசோதனைதான் வேண்டும். மூச்சு நிற்பதும் குறைவதும் சேர்ந்து மணிக்கு 5 தடவைக்குக் குறையாமல் இருந்தால்தான் கணக்கில் சேரும்.