பாட்டி சட்டையை வாஷிங் மெஷினில் போடலாமா?

பழைய துணி ஒன்றைக் கையில் கொடுத்தால் நம் ஆட்கள் உடனே சொல்வது, "ஒரு அலசு அலசி வெயில்ல போட்டா சரியாயிரும்." பழந்துணிகளைப் பராமரிக்கிற வேலையில் இருக்கிறேன். நான் பார்த்தவரை கவனிக்காமல் கெட்ட துணிகளைவிட இப்படி அக்கறையாகக் கவனித்துக் கெட்டவைதான் அதிகம்.

எனக்கும் இது முதலில் தெரியாது. வடக்கே ஒரு பெரிய மியூசியத்தின் துணிப் பிரிவில் ஆறு மாதம் இன்டர்னாக இருந்தேன். ராணிகளின் பட்டுத் துணிகளையெல்லாம் விரித்துப் பார்க்கலாம் என்று போனவளுக்கு முதல் மாதம் முழுக்கக் கிடைத்த வேலை, பருத்தி நாடாவில் எண் எழுதி ஒவ்வொரு துணியின் மூலையிலும் நாலு தையல் போட்டு இணைப்பது. பேனா உள்ளே வரக்கூடாது, பென்சில் மட்டும். வளையல், மோதிரம், வாட்ச் எல்லாம் வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். மூன்றாம் நாள் மோதிரத்தை மறந்துபோய் உள்ளே போனேன். ஒரு சரிகைத் தலைப்பைப் புரட்டும்போது இழை ஒன்று மாட்டி, வளையம்போல் வெளியே வந்துவிட்டது. நல்ல சரிகை என்பது பட்டு நூலின்மேல் மெல்லிய வெள்ளித் தகட்டைச் சுற்றித் தங்கமுலாம் பூசியது, அந்தச் சுற்று அவிழ்ந்தால் அவிழ்ந்ததுதான். யாரும் திட்டவில்லை. "ரிப்போர்ட்டில் எழுது, உன் பெயரையும் போடு" என்றார்கள். திட்டியே இருக்கலாம்.

அங்கேதான் கையால் சாயப் படம் தீட்டிய ஒரு கலம்காரித் துணியைப் பார்த்தேன். சிவப்பு நேற்றுப் போட்டதுபோல் இருக்கிறது, கறுப்புக் கோடு ஓடிய இடமெல்லாம் கத்தரியால் வெட்டியதுபோல ஓட்டை. பூச்சி அரித்தது என்றேன், சிரித்தார்கள். கறுப்புக்காகத் துருப்பிடித்த இரும்பை வெல்லத்தோடு ஊறவைத்து எடுக்கிற சாயம் அது, அந்த இரும்பே வருடக்கணக்கில் பருத்தியை அரித்திருக்கிறது. ஈரம் சேரச்சேர இன்னும் வேகமாக அரிக்கும். அதைப் போய் அலசினால்?

அப்புறம் வெயில். மியூசியத்தில் துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான், பார்க்க வருகிறவர்கள் கரண்ட் இல்லையா என்று கேட்பார்கள். நம் மொட்டை மாடி உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் தொடும். கணக்குப் போட்டால் ஒரு மணி நேர வெயில் என்பது மியூசியத்தில் 2000 மணி நேரம், தினம் எட்டு மணி நேரம் வீதம் 250 நாள். இதில் புற ஊதாக்கதிரை நான் சேர்க்கவே இல்லை.

நம் குமரி மாவட்டத்தில் இன்னொரு தொல்லை, ஈரம். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவ மழையில் என் வீட்டுக்குள்ளேயே மீட்டர் 80-க்கு மேல் நிற்கிறது. அந்த நேரத்தில் பாலிதீன் கவரில் துணியைக் கட்டிவைப்பது ஈரத்தையும் சேர்த்துக் கட்டிவைப்பதுதான். பாச்சா உருண்டையையும் கூடவே போடுவார்கள். ஜி6பிடி என்கிற என்சைம் குறைபாடு பிறவியிலேயே உள்ள குழந்தைகளுக்கு அந்த நாப்தலீன் ஏறிய துணியைப் போட்டால் ரத்தச் சிவப்பணுக்களே சிதையலாம், ஆகவே அதை விட்டுவிடுங்கள். கஞ்சி போட்ட நேரியலை (தோளில் போடும் மேல்துணி) அப்படியே எடுத்து வைப்பதும் வேண்டாம், ராமபாணப் பூச்சிக்குக் கஞ்சிதான் சாப்பாடு. பழந்துணியை, கஞ்சி போகத் துவைத்துக் காயவைத்த வேறொரு மல் துணியில் சுற்றி ஸ்டீல் பீரோவில் வையுங்கள், போதும். அடியில் செய்தித்தாள் விரிக்காதீர்கள், அதன் அமிலம் துணியை மஞ்சளாக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றுங்கள், இல்லாவிட்டால் மடித்த இடத்திலேயே பட்டு கிழியும்.

போன மாதம் தக்கலைப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். கவருக்குள் வெள்ளைச் சட்டை ஒன்று, கழுத்தைச் சுற்றிக் கையால் பின்னிய லேஸ்.

"மக்களே, இது எங்க அம்மைக்க அம்மை கல்யாணத்துக்குப் போட்ட சட்டையாக்கும். வாஷிங் மெஷின்ல போடலாமா?"

எனக்குப் பகீரென்றது. லூப் லென்ஸ் வைத்துப் பார்த்தேன், அக்குளில் பழுப்பாக வியர்வைக் கறை, லேஸில் இரண்டு இடத்தில் வேறு நூலில் ஒட்டுத்தையல். நாகர்கோவிலில் லேஸ் பின்னல் 1820-களில் மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் அம்மையார் தொடங்கி வைத்தது. மேலாடை உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம் நடந்து, நாடார் பெண்கள் எல்லாரும் ரவிக்கை போடலாம் என்று திருவிதாங்கூர் அரசு 1859-இல்தான் அறிவித்தது. இந்த ஊரில் ஒரு சட்டைக்குப் பின்னால் அவ்வளவு இருக்கிறது. ஆறு மாதம் நான் எண் தைத்துக்கொடுத்த துணிகளில் சாதாரணப் பெண் ஒருத்தி போட்ட சட்டை ஒன்றுகூட இல்லை. வியர்வைக் கறையைப் போக்கிவிட்டால் அதைப் போட்டவளையும் பாதி போக்கிவிட்டதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

துவைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நாடாவையும் பென்சிலையும் எடுத்தேன். எந்த வருஷம் கல்யாணம் என்று கேட்டேன்.

"தொண்ணூற்றொம்பது வெள்ளத்துக்கு அடுத்த வருஷம்."

கொல்லம் ஆண்டு 1099-இல் வந்த வெள்ளம், அதாவது 1924. அப்படியானால் கல்யாணம் 1925. எழுதிக்கொண்டிருந்தபோது அவர் குனிந்து பார்த்தார்.

"வருஷம் மட்டும் போதுமா மக்களே, பேரையும் எழுது."

எழுதினேன்.