குளிசைக்கு முதல் இடியப்பம்

வீக்கத்தை அடக்கும் ஸ்டீரொயிட் மருந்தான பிரெட்னிசோலோனின் 5 மில்லிகிராம் குளிசை சட்டைப் பொத்தானிலும் சிறியது. முட்டு வருத்தம் (ஆஸ்துமா) கூடி வந்த ஒருவருக்கு நாளுக்கு 40 மில்லிகிராம் என்று வைத்தியர் எழுதினால், காலையில் அதில் எட்டை ஒரேயடியாக விழுங்க வேண்டும். கையில் எட்டைக் கண்டதும் பயந்து, காலை மூன்று, மத்தியானம் மூன்று, இரவு இரண்டு என்று தாங்களாகவே பிரித்துப் போடுகிறவர்கள் உண்டு. வெறுந்தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டுச் சாப்பாட்டைப் பிறகு பார்க்கிறவர்களும் உண்டு. இரண்டும் பிழைதான், காரணங்கள் வேறு.

முதலில் வயிறு. வெறுவயிற்றில் இரைப்பைச் சாறு எலுமிச்சம் புளிக்குக் கிட்டின கடுமையான அமிலம். அந்த அமிலம் இரைப்பையையே தின்னாமல் காப்பது, உட்சுவரில் படிந்திருக்கும் வழுவழுப்பான சளிப்படையும் அதற்குள் ஊறி அமிலத்தை முறிக்கும் பைகாபனேற்று என்ற உப்பும். இவற்றைச் சுரக்கச் சொல்வது புரொஸ்டாகிளாண்டின் என்ற இரசாயனம். வீக்கத்தையும் வலியையும் கிளப்புவதும் இதே குடும்பம்தான். ஸ்டீரொயிட் கலத்தின் கருவுக்குள் போய் மரபணுக்களின் வேலையை மாற்றி, புரொஸ்டாகிளாண்டினுக்கான மூலப்பொருள் வெளிவருவதையே குறைக்கிறது. மூச்சுக்குழாய் வீக்கம் வற்றுகிறது. கூடவே இரைப்பையின் காவலும் கொஞ்சம் தளர்கிறது. சின்னக் காயம் ஆறவும் நாள் எடுக்கும்.

சாப்பாடு இதில் என்ன செய்கிறது? அமிலத்தை ஐதாக்குகிறது. குளிசை ஓரிடத்தில் ஒட்டிக் கரைந்து அங்கேயே உறுத்தாமல், உணவோடு கலந்து பரவ விடுகிறது. நெஞ்செரிவும் குமட்டலும் குறைகின்றன. மருந்து இரத்தத்தில் உச்சத்துக்கு வரச் சற்றுத் தாமதமாகும், ஆனால் சேரும் மொத்த அளவு குறையாது. இந்த மருந்து வேலை காட்டவே ஏறக்குறைய 4 மணித்தியாலம் எடுப்பதால் அந்தத் தாமதம் ஒரு பொருட்டல்ல. அதேநேரம், மூச்சு முட்டிக்கொண்டிருப்பவர் பானை கொதிக்கும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. நாலு பிஸ்கற்றும் ஒரு கோப்பைப் பாலும் போதும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சாப்பாடு தடுப்பது குளிசை நேரே படுவதால் வரும் உறுத்தலை மட்டும். இரத்தத்தின் வழியாக வந்து காவலைத் தளர்த்தும் பகுதியை எத்தனை இடியப்பம் சாப்பிட்டாலும் தடுக்க முடியாது. ஆகவே உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. முழங்கால் நோவுக்கென்று வீட்டிலிருக்கும் டைக்ளோபினாக் அல்லது இபுப்ரோபென் குளிசையை இதோடு சேர்த்துப் போடுவதுதான் அது. அவை புரொஸ்டாகிளாண்டின் உருவாகும் அடுத்த படியை அடைக்கின்றன. மேலேயும் அடைப்பு, கீழேயும் அடைப்பு. புண்ணும் இரத்தக்கசிவும் வரும் வாய்ப்பு பலமடங்கு ஏறுகிறது. நோவுக்குப் பரசிற்றமோல் போடலாம். மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, வாந்தி கோப்பித்தூள் நிறத்தில் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. வயிற்றில் பெரிய வலி இல்லையே என்று இருந்துவிடக் கூடாது, ஏனென்றால் ஸ்டீரொயிட் வலியையும் மறைக்கும்.

அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோலும் எழுதித் தந்திருந்தால் ஒழுங்கு முக்கியம். எழும்பியதும் ஒமெப்ரசோல், அரை மணித்தியாலம் கழித்துக் காலைச் சாப்பாடு, சாப்பிட்டு முடிந்த கையோடு ஒரு கிளாஸ் தண்ணீரோடு பிரெட்னிசோலோன். மூன்று இடியப்பமும் சொதியும், அல்லது ஒரு துண்டுப் பிட்டும் வாழைப்பழமும் தாராளம். சம்பலில் செத்தல் மிளகாயைக் குறைத்தால் வயிறு நன்றி சொல்லும். வழவழப்பான மேற்பூச்சுள்ள, குடலில் கரையும் வகைக் குளிசை என்றால் உடைக்கவோ இடிக்கவோ கூடாது. வயிற்றெரிவுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்தையும் கிட்டத்தில் சேர்க்கக் கூடாது, பூச்சு இரைப்பையிலேயே கரைந்துவிடும். பூச்சில்லாத குளிசையைக் குழந்தைக்காக இடிக்கலாம். கடும் கசப்பு, அதனால் ஒரு கரண்டி ஜாமில் அல்லது மசித்த கதலிப்பழத்தில் குழைத்து உடனே கொடுக்க வேண்டும்.

எட்டையும் ஏன் காலையிலேயே என்ற கேள்விக்கு வருவோம். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போலிருக்கும் அதிரீனல் சுரப்பி, உடம்பின் சொந்த ஸ்டீரொயிடான கோட்டிசோலை விடியற்காலையிலும் காலையிலும் அதிகமாகவும், நடுச்சாமத்தில் மிகக் குறைவாகவும் சுரக்கும். காலையில் மருந்து போட்டால் உடம்பின் இயல்பான ஏற்றத்தோடு அதுவும் போகும். இரவில் போட்டால் சுரப்பியைக் கூடுதலாக அடக்கும், நித்திரையையும் கெடுக்கும். வைத்தியரே பிரித்துப் போடச் சொன்னால் அது வேறு கதை.

சீனி வருத்தம் உள்ளவர்கள் இங்கே ஏமாறுவார்கள். காலையில் போட்ட ஸ்டீரொயிட் சீனியை ஏற்றுவது பின்னேரத்தில். விடிய வெறுவயிற்றில் குத்திப் பார்த்தால் நல்லாகத்தான் காட்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கு 2 மணித்தியாலத்துக்குப் பிறகும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும் பார்க்க வேண்டும். பசியும் கூடும், வெள்ளை மா இடியப்பத்துக்குப் பதில் குரக்கன் பிட்டு நல்லது. உப்பும் தண்ணீரும் உடம்பில் தங்குவதால் கருவாடு, மோர்மிளகாய், ஊறுகாய் மூன்றும் கொஞ்சக் காலம் ஒதுங்கியிருக்கட்டும். இருமலுக்கு அதிமதுரம் அவித்துக் குடிப்பதையும் நிற்பாட்ட வேண்டும்: அதுவும் உப்பைத் தங்கவைத்துப் பொற்றாசியத்தை வெளியேற்றும், பிறஷரையும் ஏற்றும்.

பிறகு விரதம். நல்லூர்த் திருவிழா 25 நாள், கந்தசஷ்டி 6 நாள். 3 கிழமைக்கு மேல் ஸ்டீரொயிட் போட்டவரின் அதிரீனல் சுரப்பி சோர்ந்து கிடக்கும். அவர் "சாப்பாடு இல்லை, அதனால் குளிசையும் இல்லை" என்று திடீரென நிறுத்தினால் தலைச்சுற்று, வாந்தி, பிறஷர் விழுதல் என்று உயிராபத்து வரை போகலாம். ஒருபொழுது இருப்பவர் காலையில் ஒரு கோப்பைப் பாலோடு குளிசையைப் போடலாம். பச்சைத்தண்ணியும் தொடாத உபவாசம் என்றால் கொடியேறும் முன்பே கிளினிக்கில் சொல்லிக் கேட்க வேண்டும். காலையில் மறந்த குளிசையை அன்றே நினைவு வந்ததும் சாப்பாட்டோடு போடலாம். மறுநாள் இரண்டு மடங்காகப் போடக் கூடாது. வாந்தியால் மருந்து நிற்காமல் போனால், நீண்டகாலம் எடுப்பவர் அடுத்த நாள் வரை பார்த்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஊசியால் ஏற்ற.